ஏழாவது வாசக்கால்

ஒரு சணல் கயிற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான். வீட்டுக்குள்ளே ஒரு வாசலுக்கு இரட்டைக் கதவு வாங்கப் புறப்பட்ட அன்று, வாசலின் அகலத்தைச் சணலால் அளந்து, அந்த அளவுக்கே அறுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ் பொன்னேரியைத் தாண்டுவதற்குள் அதை எடுத்து ஒரு அம்மாளின் கோழிக்குக் காலைக் கட்டிவிட்டேன். கோழி சீட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் சிரிக்கும்போது எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. அந்த அம்மாள் பழவேற்காட்டுக்கு இரண்டு ஸ்டாப்பு முன்னாலேயே கோழியோடு இறங்கிப் போனார். என் வாசலின் அகலமும் அவரோடு இறங்கிப் போயிற்று. அதைப் பழவேற்காட்டில் பையைத் தடவிப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

நான் அந்த பஸ்ஸின் கண்டக்டர். கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்த் திரும்புகிற தனியார் வண்டி. ஐம்பதுகளின் நடுவில் அந்த ரூட்டில் எங்கள் வண்டிக்குச் ‘சிரிப்பு வண்டி’ என்றே பேர். வேடிக்கை ஒன்று சொல்லாமல் எனக்கு டிக்கெட் கிழிக்க வராது. பட்டணத்து டாக்டர் என் மனைவியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டியபோதுகூட, “இதுல நான் எங்க இருக்கேன் சார்?” என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. படத்தில் வலது பக்கம் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தது.

காசம். டாக்டர் டி.பி. என்று சொன்னார். ஊசி எழுதிக் கொடுத்தார். காச ஆஸ்பத்திரியில் படுக்கை காலியானால் கடுதாசி வரும், அதுவரைக்கும் வீட்டில் தனியாக வையுங்கள் என்றார். குழந்தைகள் கிட்டே போகக் கூடாது. கிளம்பும்போது இன்னொரு முறை கூப்பிட்டுச் சொன்னார்.

“ஜன்னல் கதவெல்லாம் தொறந்தே வைங்க. காத்துதான் பாதி மருந்து. மறந்துடாதீங்க.”

மறக்கவில்லை. அப்படியே மனப்பாடமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

எங்களுடையது ஓட்டு வீடு. முன்னால் கூடம், பக்கத்தில் சமையலறை, அரிசி மூட்டை போடுகிற சின்ன அறை, பின்னால் ஒரு அறை. அந்தப் பின்னறையைத்தான் அவளுக்கு ஒதுக்கினோம். அதற்குக் கிணற்றடிப் பக்கம் ஒரு கதவு உண்டு. மத்தியானம் மூன்று மணிக்குக் கடல் காற்று எழும்பினால் அந்தக் கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். ஜன்னல் ஒன்று இருந்தது. அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து, உயரத்தில், ஒரு பூனை உட்கார்ந்தால் அடைந்துபோகிற அளவில் இருந்தது. கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் கதவே கிடையாது. சுவரில் ஒரு திறப்பு, அதில் ஒரு பழைய புடவை தொங்கும். அவ்வளவுதான்.

புடவையை மதிக்கிற வயது என் மகனுக்கு ஆகவில்லை. நாலு வயது. அடியில் புகுந்து போய் அம்மா மேல் விழுவான். எட்டு வயதான மகள் அவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். ஒரு நாளைக்கு இருபது தடவை. என் மனைவிதான் சொன்னாள்.

“ஒரு கதவு போட்டுடுங்க. ரெட்டைக் கதவாப் போடுங்க. மேல்பாதி கம்பி வெச்சதா பாத்து வாங்குங்க. சாத்திக்கினாலும் புள்ளைங்க மூஞ்சி தெரியணும் எனக்கு.”

இதையும் மறக்கவில்லை.

பழவேற்காட்டில் ஒரு பாய், உப்புக் காற்று தின்ற தன் பழைய வீட்டின் ஒரு பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கதவுகளை விற்கிறார் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். போனேன். முற்றத்துச் சுவரில் இரண்டு ஜோடி சாய்த்து வைத்திருந்தது. ஒன்று மேல்பாதியில் இரும்புக் கம்பி வைத்த சாதாரணக் கதவு. அவள் கேட்டது அதுதான், அளவெடுத்துச் செய்தாற்போல். இன்னொன்று பர்மா தேக்கு. ஒவ்வொரு கதவிலும் நாலு வரிசைப் பித்தளைக் குமிழ்.

நான் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பாய் கேட்டார்.

“எந்த வாசலுக்குத் தம்பி?”

“உள்ரூமுக்கு பாய்.”

“உள்ரூமுக்குக் கம்பிக் கதவா? உள்ள யாரை வெச்சிருக்கீங்க, கைதியா?”

பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். என் சம்சாரத்துக்குச் சீக்கு பாய், அவளுக்குக் காற்று வேணும், புள்ளைங்க முகம் பார்க்கணும் என்று. ஆனால் காசம் என்கிற சொல் ஒரு வீட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வராது. கண்டக்டர் வீட்டில் காசம் என்று தெரிந்தால் என் கையிலிருந்து டிக்கெட் வாங்க எவன் கை நீட்டுவான்? அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

“கைதி நான்தான் பாய். வார்டரு எங்க ஊட்டம்மா.”

ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என் தோளைப் பிடித்துத் தேக்குக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“அப்ப உங்களுக்கு இதுதான் சரி. எங்க வாப்பா ரங்கூன்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது. தொட்டுப் பாருங்க. சாத்திட்டா உள்ள பேசறது வெளிய கேக்காது.”

அதை அவர் ஒரு சிறப்பாகச் சொன்னார். நானும் அதைச் சிறப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

“அகலம் எவ்ளோ வேணும்?”

நான் பையைத் தடவினேன். கோழி ஞாபகம் வந்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். “இவ்ளோ இருக்கும்.” பாய் கதவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். “சரியா இருக்கு,” என்றார். வேறு என்ன சொல்வார் அவர்.

கதவு இரண்டும் பஸ் மேலே ஏறின. வழியெல்லாம் உற்சவ மூர்த்தி போவதுபோல் போயின. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யாராவது அண்ணாந்து பார்த்து, “யாருதுப்பா கதவு?” என்று கேட்பார்கள். “நம்மளுதுதான்,” என்பேன். கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் எனக்கு உள்ளூர ஜமீன்தார் நடை வந்துவிட்டது. கம்பியைப் பற்றி அவள் கேட்டபோது, “பர்மா தேக்குடி,” என்றேன். அவள் பித்தளைக் குமிழைத் தடவிப் பார்த்தாள். “நல்லாத்தான் கீது,” என்றாள். அவள் அப்படி விட்டுக்கொடுத்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் நிலை, அதாவது வாசக்கால், வைக்கக் கூடாது. ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு ஆசாரியை அழைத்து வந்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நல்ல வேலைக்காரர். அவர் வந்த அன்று காலையில்தான் என் மனைவி இரண்டாவது படம் எடுக்கப் பட்டணம் போனாள். கூட அவள் தங்கை போனாள். வேப்பம்பட்டிலிருந்து அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்து, எங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என்னை மாமா என்று கூப்பிடுவாள், என் வேடிக்கைக்கு எதிர் வேடிக்கை சொல்வாள். படம் வாங்கித் திரும்ப மூன்று நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் லீவு போட்டேன். அவர்கள் திரும்பும்போது கதவு ரெடியாக இருக்க வேண்டும் என்பது என் திட்டம்.

ஆசாரி கதவை அளந்தார். வாசலை அளந்தார். பீடியைக் காதில் சொருகிக்கொண்டார்.

“கண்டக்டரே, வாசலுக்குக் கதவு வாங்கினீங்களா, கதவுக்கு வாசல் வாங்கப் போறீங்களா? ஒண்ணரை சாண் கூட கீது.”

சுவரை இரண்டு பக்கமும் இடித்தோம். நிலைக்குச் சட்டம் வேண்டும். காய்ந்த மரம் கிடைக்கவில்லை, தேடவும் நாளில்லை. கிழக்குத் தெருவில் போன மாதம் வெட்டிப் போட்ட வேப்பமரம் ஒன்று இருந்தது.

“பச்ச மரம். மழ வந்தா உப்பிக்கும். ஆவணில வெச்சிக்கலாமே?” என்றார் ஆசாரி.

“நாலு நாள்ல ஆடி. ஆவணி வரிக்கும் புள்ளைங்கள யாரு புடிச்சிக்கினு இருக்கறது?”

அவர் வாதாடவில்லை. இழைத்தார். மூன்றாம் நாள் காலையில் நிலை தயார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார். கற்பூரம் கொளுத்துவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

“தெரு வாசல் ஒண்ணு. சமையக்கட்டு ரெண்டு. அங்கேர்ந்து கொல்லைக்கு மூணு. அரிசி ரூமு நாலு. சந்துப் பக்கம் அஞ்சு. பின்ரூம்லேர்ந்து கிணத்தடிக்கு ஆறு. இது ஏழு.” நிறுத்தினார். “ஏழு ஆகாது கண்டக்டரே. வாசக்காலு ரெட்டைப்படைலதான் இருக்கணும்.”

அதுவரைக்கும் அந்தத் திறப்புக்கு நிலை இல்லாததால் கணக்கில் வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

“இப்ப இன்னா பண்றது?”

“இன்னொண்ணு எங்கனா வெச்சா எட்டாயிடும். குளிக்கற மறைப்புக்கு ஒரு சின்ன வாசக்காலு போட்டுடலாம். ஆனா மரம் தீந்துட்ச்சி. நாளைக்குள்ள ஆவாது.”

நாளை மறுநாள் ஆடி. நான் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டைப் பார்த்தேன். தெரு வாசலை அடைக்க முடியாது. சமையலறையை அடைக்க முடியாது. அரிசி அறையை அடைத்தால் எலி மட்டும்தான் சாப்பிடும். அப்போது என் மகன் பின்னறையிலிருந்து அழுக்கு முகத்தோடு வெளியே வந்தான். நாங்கள் நின்றிருந்த திறப்பு வழியாக அவன் உள்ளே போகவில்லை. கிணற்றடிக் கதவு வழியாகப் போயிருக்கிறான். முன்னால் பர்மா தேக்கைப் போட்டு என்ன பிரயோசனம், பின்னால் திறந்து கிடக்கிறதே என்று தோன்றியது. ஒரே அடியில் இரண்டு காரியம். என் புத்தியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

“அந்தக் கிணத்தடிக் கதவ அடச்சிடலாம் ஆசாரி.”

அவர் என்னைப் பார்த்தார். “அங்கேர்ந்துதானே காத்து வருது?”

“ஜன்னல் கீதுல்ல.”

“அடச்சா மட்டும் போதாது. வாசக்காலப் பேத்துடணும். இருந்தா கணக்குல வரும்.”

“பேத்துடுங்க.”

கொத்தனார் ஒருவர் வந்தார். பழைய நிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, செங்கல்லும் சேறும் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் நல்ல நேரத்தில் புது நிலை ஏறியது, கதவு மாட்டியாகிவிட்டது. ஆறு வாசக்கால். ஆசாரிக்கு வெற்றிலை பாக்கோடு வேட்டி வைத்துக் கொடுத்தேன். கதவின் இரண்டு பக்கத்தையும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

அன்று மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தார்கள். நான் கதவுக்கு முன்னால் நின்று, பஸ் கதவைத் திறப்பதுபோல் ஒரு விசில் ஊதி, இரண்டு கதவையும் தள்ளித் திறந்தேன். “ஏறு ஏறு, உள்ள எடம் கீது.” என் மச்சினி சிரித்தாள். என் மனைவி உள்ளே போனாள். கட்டிலில் உட்கார்ந்தாள். மணி மூன்று இருக்கும். எதிரே பார்த்தாள்.

“இங்க ஒரு கதவு இருந்துச்சே?”

கணக்கைச் சொன்னேன். ஆசாரி எண்ணியதுபோலவே விரல் விட்டுச் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

“ஏழு வந்தா இன்னா?”

“ஆகாதாம்.”

“யாருக்கு ஆகாது?”

“ஊட்டுக்கு.”

“நானும் ஊட்டுலதான இருக்கேன்,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கேள்விபோலச் சொன்னாள். நான் பேச்சை மாற்றி இரண்டாவது படத்தைப் பற்றிக் கேட்டேன். இடது பக்கமும் கொஞ்சம் வந்திருக்கிறது என்று தங்கைதான் சொன்னாள்.

அடைத்ததைத் திறந்துவிடச் சொல்லி என் மனைவி முதல் வாரத்திலேயே கேட்டாள். ஆடியில் சுவரில் கை வைக்கக் கூடாது என்றேன். ஆவணியில் ஆசாரி நாயுடுப்பேட்டைப் பக்கம் ஒரு கோயில் வேலைக்குப் போய்விட்டார். புரட்டாசியில் வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள், யார் என்று ஞாபகம் இல்லை, நானாகவும் இருக்கலாம். ஒன்றும் செய்யாமல் இருக்க நினைக்கிறவனுக்குத் தமிழ் மாதங்களைப் போல ஒத்தாசை செய்வது வேறு கிடையாது. அடைப்பதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. திறப்பதற்கு நாலு மாதம் நல்ல நாள் பார்த்தேன். நிஜம் என்னவென்றால் எனக்குப் பயம். அவள் உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. இந்த நேரத்தில் ஏழாக்கி, அதனால் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயம். ஆறாக இருக்கும்போதே ஆகிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த அறை கரி சுடுகிற மூட்டம்போல் ஆயிற்று. ஓட்டுச் சூடு உள்ளேயே நின்றது. பகலில் இரண்டு கதவையும் திறந்து வைத்தால் பையன் உள்ளே ஓடுவான். சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டும். சாத்திய கதவுக்கு வெளியே என் மகள் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கத்திக் கத்திச் சொல்வாள். பாய் சொன்னது பொய்யில்லை. பாதி கேட்காது. “இன்னா?” என்று உள்ளேயிருந்து வரும். மறுபடி முதலிலிருந்து சொல்வாள். ஒரு நாள் என் மச்சினி கேட்டாள்.

“மாமா, இதுல மேல ஒரு துண்டு அறுத்து எடுத்துட்டு கம்பி வெச்சிட்டா இன்னா?”

“பர்மா தேக்கும்மா இது. அறுக்கறதா?”

“அக்காவ வேணா அறுத்துடலாமா?” என்றாள்.

அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பிடித்தது. ஆசாரி சொன்னபடி வேப்பஞ்சட்டம் உப்பியது. கதவு நிலையைக் கவ்விக்கொண்டது. உள்பக்கம் திறக்கிற கதவு அது. திறக்க வேண்டுமானால் கூடத்திலிருந்து தோளைக் கொடுத்து முட்ட வேண்டும். “ஆசாரிய கூட்டாந்து இழைக்கச் சொல்லு மாமா,” என்று மச்சினி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஊர் திரும்பிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆரம்பாக்கம் என்ன அமெரிக்காவா? நாளைக்குப் போகிறேன் என்றேன். அதுவரைக்கும் சாத்தாமல் ஒருக்களித்து வையுங்கள் என்றேன்.

நாலாம் நாள் மத்தியானம் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி, எங்கள் வண்டி ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. ஜனங்கள் அலுத்துக்கொண்டார்கள். அவர்களை அலுத்துக்கொள்ள விடக் கூடாது என்பது என் கொள்கை. என்னிடம் சரக்கு தீர்ந்துபோய், என் வீட்டுக் கதவையே எடுத்துவிட்டேன்.

“எங்க ஊட்ல ஜமீன்தார் கதவு கீது சார். தொறக்கறதுக்கு மூணு பேரு, சாத்தறதுக்கு ரெண்டு பேரு. நான் ஊட்டுக்குள்ள போறதுக்கே டிக்கெட் எடுக்கணும்.”

வண்டியே சிரித்தது. ஒரு கிழவர் பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது டீக்கடைக்காரர் ஓடி வந்தார். “கண்டக்டரே, உங்க ஊட்டாண்ட கூட்டமா கீது. ஓடுங்க.”

நடந்தது இது. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில். மச்சினி மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். ஒருக்களித்திருந்த கதவு வழியாகப் பையன் உள்ளே போயிருக்கிறான். அவனுக்கு அன்று சளி, லேசாகக் காய்ச்சல். அவனை என் மனைவி வெளியே தள்ளிவிட்டு, மறுபடி வராமலிருக்க இரண்டு கதவையும் முதுகைக் கொடுத்து அழுத்திச் சாத்தியிருக்கிறாள். சாத்துவதற்கு எங்கிருந்து பலம் வந்ததோ. அதன் பிறகு அவளுக்கு இருமல் வந்திருக்கிறது. ரத்தமாக வந்திருக்கிறது. கதவைத் தட்டியிருக்கிறாள்.

“அம்மா தட்னாங்க நைனா. நான் தள்ளினேன். தம்பியும் தள்ளினான். வரல,” என்றாள் என் மகள். அவள் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. “அம்மா ஏதோ சொன்னாங்க. கேக்கல.”

மச்சினி திரும்பி வந்து முட்டிப் பார்த்திருக்கிறாள். கொல்லைப் பக்கமாகக் கிணற்றடிக்கு ஓடியிருக்கிறாள். அங்கே சுவர். சுவரைக் கையால் அடித்துக்கொண்டு அவள் கத்திய சத்தம் ரயில் பாதை வரைக்கும் கேட்டிருக்கிறது. தண்டவாள வேலையில் இருந்த இரண்டு பேர் கடப்பாரையோடு ஓடி வந்தார்கள். முதலில் கூடத்துப் பக்கம் வந்து கதவை அடித்தார்கள். பித்தளைக் குமிழ் இரண்டு நசுங்கியது, கதவு அசையவில்லை. பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சுவரை அடித்தார்கள். சேற்றில் வைத்த கல். ஐந்து நிமிஷத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு விழுந்துவிட்டது.

நான் போனபோது அவளைக் கிணற்றடியில் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. மச்சினி மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. முன் துணி முழுக்கச் சிவப்பு. அவள் என்னைப் பார்த்தாள். என் வாய் தன்னால் திறந்தது, ஏதாவது சொல்ல. இருபது வருஷப் பழக்கம். ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு ஒரு நாள்தான் வரவில்லை.

எளாவூர்ப் பக்கமிருந்து கரி ஏற்றி வந்த லாரி ஒன்றை ரோட்டில் நிறுத்தி, முன் சீட்டில் அவளை ஏற்றிப் பட்டணம் கொண்டுபோனோம். அந்த நிலைமையில் பார்த்ததும் காச ஆஸ்பத்திரியில் இடம் கொடுத்தார்கள். அங்கே நீள வராந்தாவில் கட்டில் கட்டிலாகப் போட்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வெளி, சவுக்கு மரம். பதினோரு நாள் இருந்தாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, “இங்க காத்து நல்லா வருது,” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் போன பிறகு அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். அந்தக் கதவை அடைத்தது, நாலு மாதம், அதனாலா என்று. அவர் யோசித்துவிட்டு, “ரெண்டு பக்கமும் பரவியிருந்தது. காத்து இருந்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கலாம்,” என்றார். அந்த ‘லாம்’ என்கிற எழுத்துகளை, பஸ் ஆட்டத்தில் மேல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறவன்போல, இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

காரியம் எல்லாம் முடிந்து, குழந்தைகளை வேப்பம்பட்டில் மாமனார் வீட்டிலேயே விட்டிருந்தேன். கிணற்றடிப் பக்கத்து ஓட்டையை நான் அடைக்கவில்லை. கோணி தொங்கவிட்டிருந்தேன். மூன்று மணிக் காற்றில் கோணி உப்பி உப்பி அடங்கும். நான் டியூட்டி முடிந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வண்டியில் மறுபடி வேடிக்கை பேச ஆரம்பித்திருந்தேன். இல்லையென்றால் எனக்கு டிக்கெட் கிழிக்க வரவில்லை.

மாசி மாதத்தில் சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு எங்கே வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா போனால் தங்கை. குழந்தைகளுக்கும் பழகின முகம், வெளியிலிருந்து ஒருத்தி வரவேண்டாம். அவளுடைய அப்பாவே சம்மதம் என்று சொல்லி அனுப்பினார். பெண் மட்டும் ஒன்றும் சொல்லவில்லையாம். நீங்களே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பம்பட்டு போனேன். சலவை வேட்டி. அவள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் மகன் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு ஒரு மரத்துண்டை ரயில் விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவனை உள்ளே போகச் சொன்னாள்.

“வா மாமா. நாஷ்டா துன்னியா?”

“ஆச்சு.”

வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். ரயிலை விட்டு இறங்கும்போது ஒன்று தோன்றியிருந்தது. அதைச் சொன்னேன்.

“நம்ப வண்டில ஒரு சீட்டு காலியா கீது. யாராவது ஏறுவாங்களான்னு பாத்துக்கினு போலாம்னு வந்தேன்.”

சொல்லி முடித்ததுமே அது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கையைத் தட்டித் தூசியை உதிர்த்தாள். நான் எதிர்பார்த்ததுபோல அழவோ கத்தவோ இல்லை.

“அப்பா கேட்டாரு, அம்மா கேட்டாங்க. அவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லல. உன்னாண்டதான் சொல்லணும்னு இருந்தேன்,” என்றாள். “புள்ளைங்க இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். எனக்கு எங்க கல்யாணம் ஆனாலும் இதுங்க ரெண்டும் என்கூட வரும்னு சொல்லித்தான் கட்டுவேன். நீ வாரம் ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போ.”

“நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்னு…” என்று ஆரம்பித்தேன்.

அவள் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“நீ நல்லவன்தான் மாமா. ஆனா உன்கூட இருந்தா உசுரோட இருக்க முடியாது.”